உத்தரவு கேட்காத பிள்ளை

விளக்கத்தின் வசதிக்காக ஒரு பெண்பிள்ளையைக் கற்பித்துக்கொள்வோம். வயது 16. ஊர் சாய்ந்தமருது என்று வைத்துக்கொள்ளலாம். மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை என்று மாற்றி வைத்தாலும் சொல்லப்போவது மாறாது. அவளுடைய மூத்தம்மா, அதாவது தாயின் தாய், அயலிலுள்ள குழந்தைகளுக்குக் கண்ணூறு கழித்தவர். வயிற்றுவலிக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்தவர். உம்மா சவூதியில் வீட்டுவேலை செய்கிறார். பிள்ளை மூத்தம்மாவின் கையைப் பார்த்து வளர்ந்தாள். அவர் மௌத்தான பின் பெட்டியில் கிடந்த அறபுத் தமிழ்க் கிதாபு ஒன்றைத் தானாகவே எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒரு நாள் பக்கத்து வீட்டுக் குழந்தையின் காய்ச்சலுக்கு ஓதி ஊதினாள். காய்ச்சல் இறங்கிவிட்டது.

இனி ஊர் அவளை என்ன பெயரால் அழைக்கும்? கைராசிக்காரி என்றா, ஓதிப் பார்க்கிற பிள்ளை என்றா, சூனியக்காரி என்றா? இந்த ஒரு வினாவைப் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவளுக்குச் சக்தி உண்டா, இல்லையா என்பது ஊருக்கு இரண்டாம் கேள்வி. அந்தச் சக்தியைக் கையாள அவளுக்கு உத்தரவு கொடுத்தவர் யார் என்பதே முதற்கேள்வி. பெயர் அதைப் பொறுத்தே அமையும்.

முதலில் களத்தை அறிந்துகொள்வோம். மட்டக்களப்புக்குத் தெற்கே கடலோரமாக நீளும் இந்த ஊர்கள் 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்திலேயே இருந்தன. அதன்பின்பே அம்பாறை தனி மாவட்டமானது. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும் நிலம் இது. நோயும் அச்சமும் வந்தால் போவதற்குப் பல வாசல்கள் உண்டு: மூலிகை கொடுக்கும் பரிசாரி, விசகடிக்குப் பார்வை பார்ப்பவர், தண்ணீரும் நூலும் ஓதித் தரும் லெப்பை, பேய் விரட்டும் மந்திரவாதி, வைத்தியசாலை. ஒரே நோய்க்கு இத்தனை வாசலையும் ஒரு குடும்பம் தட்டுவது வழக்கம். முஸ்லிம் வீட்டார் தமிழ் மந்திரவாதியிடம் போவதும், தமிழர் லெப்பையிடம் வந்து அச்சரம் கட்டிக்கொள்வதும் இங்கே புதினமில்லை.

இவ்வாசல்களைப் பற்றிய பேச்சில் வினைச்சொற்கள் தாமாகவே இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பதைக் கவனிக்கலாம். நன்மை பயப்பதை ஓதுகிறார்கள், ஊதுகிறார்கள், பார்க்கிறார்கள், கட்டுகிறார்கள், எழுதுகிறார்கள். குங்குமப்பூ மையால் பீங்கானில் ஆயத்தை எழுதி, கழுவி, அந்த நீரைக் குடிக்கக் கொடுப்பதற்குப் ‘பீங்கான் எழுதுதல்’ என்றே பெயர். தீமை பயப்பதையோ செய்கிறார்கள், வைக்கிறார்கள், ஏவுகிறார்கள். செய்வினை, சூனியம் வைத்தல், ஏவல் என்று சொற்கள் வரிசைகட்டும். முதல் அணிச் சொற்களை மனிதர் தம்மைப் பற்றியும் சொல்லிக்கொள்வர்; இரண்டாம் அணி எப்போதும் பிறரைப் பற்றியது. சூனியக்காரி என்பது ஒரு தொழிற்பெயர் போலத் தோன்றினாலும் அந்தத் தொழிலை ஏற்றுப் பலகை தொங்கவிட்டவர் எவருமில்லை. அது குற்றப்பத்திரிகையின் பெயர். எனவே நம் பிள்ளை சூனியக்காரியா என்று கேட்பதைவிட, யார், எப்போது, எதற்காக அவளை அப்படிச் சொல்வார்கள் என்று கேட்பது பொருத்தம்.

அடுத்து, வழிவழியாக வருவது. இக்கரையில் பெண்ணுக்குத் தாயிடமிருந்து வருபவை கனமானவை. பிள்ளையின் குடி தாயின் குடி. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இம்முறை உண்டு. முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் நிருவாகத்துக்குக் குடிக்கொரு மரைக்கார் அமர்வது மரபாயிருந்தது. குடியைச் சுமந்து கடத்துபவள் பெண். அதன் பெயரால் பள்ளியில் அமர்பவன் ஆண். வீடும் அப்படியே. கலியாணத்தோடு வீடுவளவு மகளின் பெயருக்கு எழுதப்படும். மாப்பிள்ளை அங்கே குடிவருவான். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தை இஸ்லாமியப் பங்குமுறைப்படி பிரிக்கச் சொல்கிறது. ஆனால் தகப்பன் இறக்கும் நாளில் வீடு ஏற்கெனவே மகளுடையதாகியிருக்கும். பிரிப்பதற்கு அது அங்கே இராது. அக்கரைப்பற்றில் 1969 முதல் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட பெருநூல், இந்தத் தாய்வழி அமைப்பு இரு சமூகங்களுக்கும் எப்படிப் பொதுவானது என்பதை விரிவாகக் காட்டுகிறது.

இதனோடு ஒரு பழிச்சொல்லைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மட்டக்களப்புக்குப் போகும் ஆண்களை அந்த ஊர்ப் பெண்கள் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது வடக்கிலிருந்து வருவோர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பேச்சு. உத்தியோகத்துக்கு வந்த வாலிபன் இங்கேயே கலியாணம் முடித்துத் தங்கிவிட்டால், அதற்கு விளக்கம் வசியம். சோற்றில் கொடுத்தார்கள், வெற்றிலையில் கொடுத்தார்கள் என்று கதை வளரும். அந்த வாலிபன் கண்டது என்ன? மனைவியின் பெயரில் ஒரு வீடு, அவள் பக்கத்து வயற்காணி, கவனித்துச் சமைத்துப் போடும் மாமி. திரும்பிப் போகாததற்கு இவையே போதுமான காரணம். ஆனால் மகனை இழந்த தாய்க்கு இந்தக் காரணம் உவப்பாக இராது. பாயில் ஏதோ இருந்தது என்பதே ஆறுதலாகும். பெண் கையில் சொத்து இருக்கும் இடத்தில் பெண் கையில் மந்திரமும் இருப்பதாகப் பேச்சு எழுவது தற்செயலானதென்று நான் கருதவில்லை.

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 102ஆம் வசனத்தில் பாபில் நகரின் ஹாரூத், மாரூத் என்போர் பேசப்படுகின்றனர். மக்கள் அவர்களிடம் கற்றுக்கொண்ட சூனியத்துக்கு அவ்வசனம் தரும் எடுத்துக்காட்டு, கணவனையும் மனைவியையும் பிரிப்பது. இக்கரைப் பெண்கள்மேல் வந்த பழியோ நேரெதிரானது: ஒட்டவைப்பது. மருமகன் மாமியார் வீட்டில் உறங்கும் ஊரில், அவன் தாய் வீட்டாருக்கு ஒட்டவைப்பதே பெருந்தீங்காகத் தெரிந்திருக்கிறது.

கைராசிக்கு வருவோம். வீடும் குடியும் தாய்வழி வரும் இடத்தில் ‘இது எங்கட மூத்தம்மாட கை’ என்று ஒருத்தி சொன்னால் கேட்பவர்க்கு அது இயல்பாகவே படும். ஆன்மீக அதிகாரம்கூட இந்த வழியில் பாய்ந்ததுண்டு. கீழைக்கரையின் சூபி ஷெய்கு ஒருவரின் வாரிசுரிமை தாய்வழியில் அமைந்ததை மக்கில்வ்ரே 2014இல் தனிக்கட்டுரையாகவே எழுதினார். பிற நாடுகளில் சூபி குடும்பங்களின் வாரிசுரிமை பெரும்பாலும் தந்தைவழியில் எண்ணப்படும்; இங்கே நிலத்தின் வழக்கம் ஞானத்தின் வழியையும் திருப்பியிருக்கிறது. ஆகவே நம் பிள்ளைக்கு முதல் உரிமைச்சீட்டு கிடைத்துவிட்டது: இரத்தம். ஆனால் இந்தச் சீட்டு அரைச்சீட்டுத்தான் என்பதை இனிக் காண்போம்.

மூன்றாம் படியில் இறையியல் வருகிறது. வழக்கத்தை மீறிய ஒரு செயல் நிகழ்ந்தால், அதை அகீதா நூல்கள் செயலின் வடிவத்தைக் கொண்டு பெயரிடுவதில்லை. செய்தவரின் நிலையைக் கொண்டு பெயரிடுகின்றன. நபியிடம் நிகழ்ந்தால் முஃஜிஸாத். இறைநேசரிடம் நிகழ்ந்தால் கறாமத். சாதாரண முஃமினுக்கு இக்கட்டில் கிடைத்தால் மஊனத், அதாவது உதவி. தீயவனிடம் அவன் விரும்பியபடியே நிகழ்ந்து, அவனை மேலும் வழிகெடுத்தால் இஸ்தித்றாஜ். படிப்படியாக இழுத்துச் சென்று விழுத்துவது என்பது அதன் உட்பொருள். கருவிகளாலும் தீய துணைகளாலும் கற்றுச் செய்தால் சிஹ்ர். ஒருவர் நீர்மேல் நடந்தார் என்ற ஒரே செய்தி, நடந்தவரைப் பொறுத்து இந்த ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம். நுட்பமான பகுப்பு இது. அற்புதத்தைக் கண்டு மயங்காதே, ஆளைப் பார் என்கிறது.

இப்பகுப்பைக் கதையாகக் கேட்க விரும்பினால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக்குப் போகலாம். நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுந்த அந்த இடத்தில் ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேறுகிறது. அவர் அடங்கிய இடம் நாகூர்தான். இங்கே இருப்பது நினைவு. அவரைப் பற்றிய ஐதீகம் ஒன்று: தஞ்சை மன்னர் அச்சுதப்ப நாயக்கர் தீராத நோயில் கிடந்தார். அரண்மனையில் ஊசிகள் குத்தப்பட்ட புறா ஒன்றை ஆண்டகை கண்டெடுக்கச் செய்து, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க, மன்னரின் வேதனை தீர்ந்தது. ஊசியைக் குத்தியது சிஹ்ர், பிடுங்கியது கறாமத். இரண்டு கைகளும் தொட்டது ஒரே புறாவைத்தான். நம் பிள்ளை அந்தப் புறாவின் அருகே நின்றிருந்தால், குத்தப் போகிறாளா, பிடுங்கப் போகிறாளா என்பதை ஊர் எப்படி அறியும்? அவளுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்துத்தான்.

இந்தப் பின்னால் நிற்றலுக்கு மரபில் ஒரு முறை உண்டு. அதுவே நம் நான்காம் படி. இஜாஸத் என்பது அனுமதி. பேச்சில் உத்தரவு என்பர். ஓர் ஓதலை, ஒரு திக்ரை, ஓர் அச்சரத்தைக் கையாள ஆசிரியர் மாணவருக்கு வாயால் சொல்லிக் கொடுக்கும் உரிமை அது. அவருக்கு அவர் ஆசிரியர் கொடுத்தது. இப்படியே பின்னோக்கிப் போகும் சங்கிலிக்கு ஸில்ஸிலா என்று பெயர். றிஃபாயி தரீக்காவின் பாவாமார் றாத்திபில் கத்தியாலும் கூர்முனைகளாலும் தம் உடலைத் தாக்கிக்கொள்வதைக் கந்தூரிகளில் கண்டவர் பலர். காயம் தங்காததற்கு அவர்கள் தம் உடலையோ துணிவையோ காரணம் சொல்வதில்லை. கலீபாவின் உத்தரவையும், அவருக்கும் மேலே 12ஆம் நூற்றாண்டில் ஈராக்கில் வாழ்ந்து 1182இல் மறைந்த அஹ்மத் கபீர் றிஃபாயி வரை செல்லும் சங்கிலியையும் சொல்வார்கள். உத்தரவில்லாமல் கத்தியைத் தொட்டால் அது வெறும் கத்தி.

பெண்ணுக்கு இத்தகைய உத்தரவு கிடைத்ததுண்டா? உண்டு, அதுவும் மிகப் பழைய காலத்தில். அப்துல்லாஹ்வின் மகள் ஷிஃபா என்ற ஸஹாபிப் பெண் எழுதப் படிக்கத் தெரிந்தவர். நம்லா எனப்பட்ட தோல்நோய்க்கு ஓதிப் பார்ப்பதை இஸ்லாத்துக்கு முன்பே அறிந்திருந்தார். அபூதாவூதின் தொகுப்பிலுள்ள ஓர் அறிவிப்பின்படி நபியவர்கள் அவரிடம், ஹஃப்ஸாவுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்தது போலவே அந்த ஓதலையும் கற்றுக்கொடுக்கும்படி சொன்னார்கள். நம் வினாவுக்கு இதைவிட நெருங்கிய முன்னுதாரணம் எனக்குத் தெரியாது. பழைய காலத்திலிருந்து வந்த ஓர் அறிவு, அது ஒரு பெண்ணிடம் இருந்தது, அது பார்க்கப்பட்டது, ஏற்கப்பட்டது, இன்னொரு பெண்ணுக்குக் கொடுக்கப் பணிக்கப்பட்டது. எழுத்தும் ஓதலும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டதும் கவனிக்கத்தக்கது.

மரபு அஞ்சுவது இவ்வழி வராத அறிவை. இனித் தானாகக் கற்றலைப் பார்ப்போம். விளக்கம் சற்று நீளும், பொறுத்துக்கொள்க.

நம் பிள்ளை எடுத்த கிதாபில் பெரும்பாலும் ஒரு கட்டம் இருந்திருக்கும். மூன்றுக்கு மூன்று, ஒன்பது அறைகள். மேல் வரிசையில் 4, 9, 2. நடு வரிசையில் 3, 5, 7. கீழ் வரிசையில் 8, 1, 6. எந்த வரிசையைக் கூட்டினாலும், எந்த நிரலைக் கூட்டினாலும், மூலைக்கு மூலை கூட்டினாலும் 15. அறபு எழுத்துகளுக்கு எண்மதிப்பு தரும் அப்ஜத் முறையில் மூலைகளிலுள்ள 2, 4, 6, 8 ஆகியவை பே, தால், வாவ், ஹே என்ற எழுத்துகளாகும். அவற்றைச் சேர்த்து ‘பதூஹ்’ என்று வாசித்து, அச்சொல்லையே காப்பெழுத்தாகவும் எழுதினர். இதே அப்ஜத் கணக்கில்தான் பிஸ்மியின் நான்கு சொற்கள் 102, 66, 329, 289 என்றாகி, கூடி 786 ஆகின்றன. கடைப் பலகையிலும் வாகனங்களிலும் நாம் காணும் எண் அது.

இந்தக் கட்டம் சந்தைத் தாயத்துக்காரர் சமாசாரம் மட்டும் என்று எண்ண வேண்டாம். 1058 முதல் 1111 வரை வாழ்ந்த இமாம் கஸ்ஸாலி தம் தன்வரலாற்று நூலான ‘அல்முன்கித்’தில் இதை எடுத்துக்காட்டுகிறார். தண்ணீர் படாத இரண்டு துணிகளில் இதை எழுதிப் பிரசவ வேதனையிலுள்ள பெண்ணிடம் கொடுப்பர். அவள் அவற்றைக் கண்ணால் பார்த்துப் பாதங்களின் கீழ் வைத்துக்கொள்வாள். பேறு எளிதாகும் என்பது வழக்கு. பகுத்தறிவால் கணக்கிட முடியாத பண்புகள் சில பொருள்களுக்கு உண்டு என்று நிறுவவே அவர் இதைச் சொன்னார். அவருக்குப் பிந்திய அல்பூனியின் பெயரால் வழங்கும் ‘ஷம்ஸுல் மஆரிப்’ போன்ற நூல்களில் இத்தகைய கட்டங்கள் காடாக வளர்ந்தன. அவற்றின் துணுக்குகள் கையெழுத்துப் படிகளாகவும் மலிவுப் பதிப்புகளாகவும் உலகெங்கும் பரவின.

இனி ஒரு சிறு கணக்கு. ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் 45. மூன்று வரிசை என்பதால் வரிசைக்கு 15. நடு அறை நான்கு கோடுகளில் பங்கு பெறுவதால் அங்கே 5 தவிர வேறெதுவும் பொருந்தாது. இதை அறிந்தபின் மீதியை அரைமணி நேரத்தில் நிரப்பிவிடலாம். திருப்பியும் புரட்டியும் எட்டு வடிவங்கள் தோன்றினாலும் உண்மையில் கட்டம் ஒன்றுதான். சாதாரண தரத்துக்குக் கணிதம் படிக்கும் பிள்ளைக்கு இது கைவந்த வேலை. கிதாபே இல்லாமலும் அவள் இதைக் கண்டுபிடித்திருக்கக்கூடும். மந்திரத்தின் உள்ளறை என்று காக்கப்பட்டது திறந்தே கிடக்கிறது.

அப்படியானால் உத்தரவு என்பது எதைத் தருகிறது? இரகசியத்தைத் தருவதில்லை என்பது தெளிவு. அது முறையீட்டுக்கு ஒரு முகவரியைத் தருகிறது. லெப்பை ஓதிய நூலால் பிள்ளைக்கு நோய் கூடிற்று என்றால், அவருடைய உஸ்தாதிடம் போய்க் கேட்கலாம். பள்ளி நிருவாகத்திடம் சொல்லலாம். பாவா வரம்பு மீறினால் கலீபா இருக்கிறார். தானாகப் படித்தவளை யாரிடம் போய் முறையிடுவது? ‘உத்தரவு இல்லாம ஓதினா ஜின் பிடிக்கும்’ என்ற எச்சரிக்கையை இந்த ஒளியில் படித்தால் அதன் சமூகப் பொருள் விளங்கும். மேலே ஆளில்லாத இடத்தில் ஜின் வந்து அமர்கிறது. ஹாரூத், மாரூத் கூட, நாங்கள் சோதனையாக வந்தவர்கள், நிராகரித்துவிடாதே என்று எச்சரிக்காமல் எவருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை என்றே அவ்வசனம் சொல்கிறது. சூனியத்துக்கும் அங்கே ஆசிரியர் உண்டு, முன்னறிவிப்பு உண்டு.

நம் பிள்ளை தன் அரைச்சீட்டை நீட்டுவாள்: ‘எங்கட மூத்தம்மா தந்தது.’ ஊர் திருப்பிக் கேட்கும்: ‘மூத்தம்மா உசிரோட இருக்கக்குள்ள வாயால சொல்லித் தந்தாவா?’ இந்தக் கேள்விக்கு அவளிடம் விடையில்லை. பார்த்ததும் படித்ததும்தான் உண்டு, கொடுத்தது இல்லை. குழந்தையின் காய்ச்சல் இறங்கியது இந்த வழக்கில் சாட்சியாகாது. சொல்லப்போனால் அது அவளுக்கு எதிரான சாட்சி. இறக்கத் தெரிந்தவளுக்கு ஏற்றவும் தெரியும் என்பார்கள்.

பெண்பிள்ளையின் கண்ணை மரபு முற்றாக ஒதுக்கியதா என்றால், அதுவும் இல்லை. களவு போனதைக் காண மை போட்டுப் பார்க்கும் வழக்கத்தில் வெற்றிலையிலோ உள்ளங்கையிலோ மை தடவி, பருவமடையாத ஒரு பிள்ளையைப் பார்க்கச் சொல்வார்கள். 1836இல் வெளியான எகிப்தியர் பற்றிய நூலில் எட்வர்ட் லேன் கெய்ரோவில் இதே காட்சியை விவரிக்கிறார். மையில் உருவம் காணத் தக்கவர் யார் என்று மந்திரவாதியிடம் அவர் கேட்டபோது கிடைத்த பட்டியல்: பருவமடையாத சிறுவன், கன்னிப்பெண், கறுப்பின அடிமைப்பெண், கருவுற்றவள். பட்டியலை நிறுத்திப் பாருங்கள். சமூகத்தில் சொல் எடுபடாத நால்வர் அவர்கள். பார்ப்பது அவர்கள், பார்த்ததற்குப் பொருள் சொல்வதும் கூலி வாங்குவதும் மந்திரவாதி. பிள்ளை கண்ணாடியாக இருக்கும்வரை அவளால் யாருக்கும் அச்சமில்லை. கண்டதற்குத் தானே பொருள் சொல்லத் தொடங்கும்போதுதான் பெயர் மாறுகிறது.

கடந்த சில பத்தாண்டுகளில் வழக்கின் விதிகளே மாறின. அச்சரமும் நூலும் இணைவைப்பு என்று தௌஹீத் பிரசாரம் சொன்னது. பல வீடுகளில் பழைய கிதாபுகள் மறைந்தன. மூத்தம்மாமார் கை கட்டிக்கொண்டனர். அதற்குப் பதிலாக வந்தது ருக்யா: ஆயத்துல் குர்ஸியையும் இறுதி இரண்டு ஸூராக்களையும் ஒருவர் தமக்குத்தாமே ஓதிக்கொள்ளலாம், இடையில் ஷெய்கு வேண்டாம், உத்தரவு வேண்டாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய மரபு மறுத்த உரிமையை, தானே கற்றுத் தானே ஓதும் உரிமையை, நம் பிள்ளைக்குச் சீர்திருத்தம் வழங்கிவிட்டது. பறித்துக்கொண்டது மூத்தம்மாவை. இறுதி இரண்டில் ஒன்றான ‘பலக்’ ஸூராவில், முடிச்சுகளில் ஊதுவோரின் தீங்கிலிருந்து காவல் தேடப்படுகிறது. அறபியில் அச்சொல் பெண்பால் வடிவம். ஊதும் பெண்கள் என்றும் கொள்ளலாம், ஊதும் ஆன்மாக்கள் என்றும் கொள்ளலாம் என இரு வழியையும் உரையாசிரியர் திறந்து வைத்தனர். கதவின் இரண்டு பலகையையும் எல்லா மேடைகளிலும் திறப்பதில்லை.

உம்மா வேலை செய்யும் நாட்டில் இது கருத்து வேறுபாட்டோடு நிற்பதில்லை. சவூதி அறேபியாவில் சூனியம் மரண தண்டனைக்குரிய குற்றமாக நடத்தப்பட்டிருக்கிறது. மார்க்கக் காவற்படை 2009இல் இதற்கெனத் தனிப்பிரிவு அமைத்தது. 2011 டிசம்பரில் அல்ஜவ்ஃப் பகுதியில் ஒரு பெண்ணுக்கு இக்குற்றத்துக்காகத் தலை வெட்டப்பட்டது. 2012 ஏப்ரலில் ஜித்தாவின் வணிக வளாகம் ஒன்றில் சிறுமி ஒருத்திக்குச் சூனியம் வைத்ததாக இலங்கைப் பெண் ஒருவர் கைதான செய்தி இங்கும் வந்தது. மூத்தம்மா பாசத்தோடு கட்டிவிட்ட அச்சரக்கூடு, விமான நிலையத்தைத் தாண்டியதும் தடயப்பொருளாகிவிடக்கூடும். வீட்டுவேலைக்குப் போகிறவர்களின் பெட்டியில் அது இருக்கக் கூடாது என்று சொல்வதற்கு மார்க்க வாதம் எதுவும் தேவையில்லை.

கடைசியாக, நம் பிள்ளையை எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஓதத் தொடங்கிய பிள்ளை சில நாள் உண்ணாமல், உறங்காமல், தனியே பேசிக்கொண்டிருந்தால் ஊர் இன்னொரு பெயரும் வைத்திருக்கிறது: பிடிபட்டவள். அந்தப் பெயரில் ஆபத்து அதிகம். சூனியக்காரி என்றால் ஒதுக்குவார்கள். பிடிபட்டவள் என்றால் கொண்டுபோய் ஒப்படைப்பார்கள். 2021இன் தொடக்கத்தில் கொழும்புக்கு அப்பால் தெல்கொடையில் பேய் விரட்டுவதாகச் சொல்லிப் பிரம்பால் அடிக்கப்பட்ட 9 வயதுச் சிறுமி இறந்துபோனாள். அவளை அங்கே கொண்டுபோனவர் தாய். அது சிங்கள ஊர், வேறு மரபு என்று நாம் ஒதுங்க முடியாது. பேயை அடித்தால் உடலுக்கு நோகாது என்ற நம்பிக்கை எந்த மதத்துக்கும் தனிச்சொத்தில்லை.

இவ்வளவு தூரம் பொறுமையோடு வந்த வாசகரிடம் ஒரு வேண்டுகோள். ஓதிப் பார்க்கப் பிள்ளையைக் கொண்டுபோவது உங்கள் நம்பிக்கை. அதை நான் மறிக்கவில்லை. போகுமுன் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ அண்மையிலுள்ள வைத்தியசாலையிலோ அவளைக் காட்டுங்கள். ஓதுபவரிடம், உங்களுக்கு உத்தரவு தந்தவர் யார் என்று நம் மரபு கற்றுத்தந்த கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். பிரம்பை எடுத்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்; சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் இருபத்துநான்கு மணிநேரமும் இயங்குகிறது.